மோகனாவுக்கு முகம் வரைந்தது யார்?

மணிலா தெருக்களில் பூச்சரம் விற்கும் பெண் டோரினா. ஊரே கொண்டாடும் பாடகி லவீனியாவின் தீவிர ரசிகை. லவீனியாவுக்கு நெருக்கமாக இருந்த நிக்கோ என்ற பணக்கார இளைஞன், அவளோடு முறைத்துக்கொண்டு டோரினாவை மேடையேற்றுகிறான். பூக்காரி பாடகியாகிறாள். ரசிகை போட்டியாளராகிறாள். ஒரு விருந்தில் லவீனியா தன் கையிலிருந்த தண்ணீரை டோரினாவின் முகத்தில் வீசி, 'நீ என்னைக் காப்பியடிப்பவள்' என்று எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்துகிறாள். பிலிப்பைன்ஸில் அந்தக் காட்சியை அறியாதவர்கள் குறைவு. நம் ஊரில் கவுண்டமணியின் வாழைப்பழம் எப்படியோ, அங்கே அந்தத் தண்ணீர் அப்படி.

படத்தின் பெயர் 'பித்துயிங் வலாங் நிங்நிங்'. 'ஒளியில்லாத விண்மீன்' என்று பொருள் சொல்லலாம். 1985-இல் வந்தது. இயக்கியவர் இம்மானுவேல் போர்லாசா. டோரினாவாக ஷாரன் கூனேத்தா, லவீனியாவாக ஷெரி கில். அவள் விற்கும் 'சம்பகீத்தா', அந்த நாட்டின் தேசிய மலர். நம்ம ஊர்க் குண்டுமல்லியேதான் அது!

இந்தக் காதல் கதை முதலில் சினிமாவாகப் பிறக்கவில்லை. நெரிஸ்ஸா காப்ரால் என்ற பெண் எழுத்தாளரின் படக்கதைத் தொடர் அது. அந்த நாட்டில் 'கோமிக்ஸ்' என்றால் குழந்தைகள் சமாச்சாரம் மட்டும் இல்லை. காதல், குடும்பச் சண்டை, மாமியார் கொடுமை, தொலைந்துபோன தங்கை என எல்லாம் கட்டம் கட்டமாக வரைந்த படங்களில் வாராவாரம் வரும். பெட்டிக்கடைகளில் சில்லறை கொடுத்து வாடகைக்கு எடுத்து, அங்கேயே நின்று படித்துவிட்டுப் போவார்கள். ஒரு தொடர் சூடுபிடித்தால் போதும், அது முடிவதற்கு முன்பே சினிமா கம்பெனிகள் உரிமையை வாங்கிவிடும். தியேட்டருக்கு வரப்போகும் கூட்டம் ஏற்கெனவே பூக்காரிக்காக அழுது பழகிய கூட்டம்.

நம்மிடம் இது நடந்ததா? படக்கதை என்று மட்டும் தேடினால் கை வெறுங்கைதான். 'தினத்தந்தி'யில் 1960-இலிருந்து ஓடும் 'கன்னித்தீவு' உண்டு. 1972-இல் முத்து காமிக்ஸ் வந்தது. 1984-இல் லயன், ராணி காமிக்ஸ் இரண்டும் வந்தன. புதுச்சேரியில் பள்ளிக்கூட வாசல் பெட்டிக்கடைகளில் இவையெல்லாம் கிளிப் மாட்டித் தொங்கும். ஆனால் அவற்றில் இருந்ததெல்லாம் துப்பறிவாளர்கள், கௌபாய்கள், இரும்புக்கை மாயாவி. (கௌபாய்களில் பலர் பிரெஞ்சு மொழியில் பிறந்தவர்கள் என்பதில் புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு சின்னப் பெருமை இருக்கலாம்.) காதலுக்கு அங்கே இடமில்லை.

காதல் வேறு இடத்தில் இருந்தது. வார இதழ்த் தொடர்கதையில், பக்கத்துக்குப் பக்கம் ஓவியத்தோடு.

தொடரும்... திரையிலும்!

தமிழ் வார இதழும் தமிழ் சினிமாவும் ஆரம்பத்திலேயே சம்பந்தம் பண்ணிக்கொண்டவை. எம்.ஜி.ஆர். முதன்முதலில் முகம் காட்டிய 'சதி லீலாவதி' (1936), எஸ்.எஸ்.வாசன் 'ஆனந்த விகடனி'ல் எழுதிய தொடர்கதை. அதை இயக்கியவர் தமிழே தெரியாத அமெரிக்கர் எல்லிஸ் ஆர்.டங்கன். அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு புதுச்சேரிக் கதையில் வருவார்.

1939-இல் கல்கியின் 'தியாக பூமி'. கே.சுப்ரமணியம் அதைப் படமாக எடுத்துக்கொண்டிருந்தபோதே விகடனில் தொடராகவும் வந்தது. ஓவியங்களுக்குப் பதிலாகப் படத்தின் புகைப்படங்களையே கதையோடு அச்சிட்டார்கள். தொடர் ஓடும்போதே படம் என்ற மணிலா வித்தையை நம் ஆட்கள் அப்போதே செய்து பார்த்துவிட்டார்கள்.

ஆனாலும் பூக்காரி டோரினாவுக்குச் சரியான தமிழ்ச் சகோதரி யார் என்று கேட்டால், ஒரே பதில்தான். மோகனாம்பாள்.

'தில்லானா மோகனாம்பாள்' 1950-களின் பிற்பகுதியில் விகடனில் தொடராக வந்தது. எழுதியவர் 'கலைமணி'. அது கொத்தமங்கலம் சுப்புவின் புனைபெயர். ஜெமினி ஸ்டூடியோவின் கதை இலாகாவில் இருந்தவர். 'மிஸ் மாலினி', 'ஔவையார்' படங்களை இயக்கியவர், நடிகர், காந்தி கதையை வில்லுப்பாட்டாகச் சொன்னவர். பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துக்காரர். கோயில் திருவிழா, மேளக்காரர்கள், மைனர்கள், தரகர்கள் என்று அந்த உலகத்தை உள்ளிருந்து பார்த்தவர். அதனால்தான் சிக்கல் சண்முகசுந்தரம், சவடால் வைத்தி, வடிவாம்பாள் எல்லோரும் பக்கத்துத் தெருவில் பார்த்த ஆட்கள் மாதிரி இருந்தார்கள்.

அவர்களுக்கு முகம் கொடுத்தவர் கோபுலு. அவரும் தஞ்சாவூர்க்காரர், 1924-இல் பிறந்தவர், கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவர். மேளக்காரர் தோளில் துண்டு எப்படிக் கிடக்கும், மிராசுதார் எப்படிச் சாய்ந்து உட்காருவார், ஆட்டக்காரியின் அம்மா எந்தக் கோணத்தில் வெற்றிலைச் செல்லத்தைப் பிடிப்பாள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இன்று மோகனா என்றதும் நமக்குப் பத்மினிதான் வருகிறார். படம் வருவதற்கு முந்தைய 10 வருடமோ, தமிழ் வீடுகளில் மோகனா என்றால் கோபுலுவின் கோடுகள். வாரம் ஒருமுறை, ஒரு முகம். மீதியை வாசகர்களே மனதுக்குள் வரைந்துகொண்டார்கள்.

புதுச்சேரியில் அந்தத் தொடரைப் படித்தவர்களுக்கு ஒரு விநோதமான நிலைமை. 1954 நவம்பர் 1-இல் பிரெஞ்சு நிர்வாகம் போய்விட்டது. சுங்கச் சாவடி இல்லை, மெட்ராஸ் பத்திரிகை தடையில்லாமல் வந்தது. ஆனால் சட்டப்படி ஊர் இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16-இல்தான். ஆக, மோகனா அடுத்த வாரம் யாரிடம் மாட்டிக்கொள்வாளோ என்று இங்கே காத்திருந்தவர்கள், காகிதத்தில் இன்னும் பிரான்ஸுக்குச் சொந்தமான மண்ணில் உட்கார்ந்திருந்தார்கள்.

நாதஸ்வரம் மட்டும் எந்த எல்லையையும் மதித்ததில்லை. வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் வைகாசித் தேருக்குப் பிரெஞ்சுக் கவர்னரே வந்து வடம் பிடித்த ஊர் இது. இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார். அங்கே மல்லாரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு, சண்முகசுந்தரத்தின் கர்வம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

சத்தமில்லாத நாதஸ்வரம்

கதையை ஒரு வரியில் சொன்னால்: நாதஸ்வரக்காரனும் நாட்டியக்காரியும் காதலிக்கிறார்கள், ஆனால் இருவரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். 'என் நாதஸ்வரத்துக்கு ஆட முடியுமா?' என்று அவன் கேட்கிறான். 'ஆடிக் காட்டுகிறேன்' என்கிறாள் அவள். சண்டையே காதல், போட்டியே சந்திப்பு. டோரினா கதையிலும் மேடைதான் காதலுக்கு இடம், மேடைதான் காதலுக்குத் தடை.

இங்கேதான் ஒரு சிக்கல் (சண்முகசுந்தரத்தின் ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை!). பத்திரிகையில் நாதஸ்வரம் சத்தம் போடாது. கலைமணி 'வாசித்தான்' என்று எழுதினால் போதும், ஒவ்வொரு வாசகரும் தான் கேட்டதிலேயே மிகச் சிறந்த நாதஸ்வரத்தை அந்த இடத்தில் வைத்துக்கொள்வார். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை மறைந்து (1956) அதிக காலம் ஆகாத நேரம் அது. அவரைக் கேட்ட காதுகள் ஊரெல்லாம் இருந்தன. சினிமா எடுப்பவர் அந்த எல்லாக் காதுகளுக்கும் ஒரே ஒரு நாதஸ்வரத்தைக் கொடுத்துத் திருப்திப்படுத்த வேண்டும். முகத்தை மாற்றுவதைவிட இது கஷ்டம்.

துணிந்தவர் ஏ.பி.நாகராஜன். 'திருவிளையாடல்', 'சரஸ்வதி சபதம்' என்று புராணப் படங்களில் வெற்றி கண்டிருந்தவர். உரிமை வாசனிடம் இருந்தது. திரையுலகில் அடிக்கடி சொல்லப்படும் செய்தி ஒன்று உண்டு: நாகராஜன் 25,000 ரூபாய் கொடுத்து வாசனிடம் உரிமை வாங்கினாராம். எழுதியவருக்கும் ஏதாவது தர வேண்டும் என்று சுப்பு வீட்டுக்குப் போனால், அந்த 25,000 ரூபாயை வாசன் ஏற்கெனவே சுப்புவிடம் கொடுத்துவிட்டிருந்தாராம். அதற்கு மேல் நாகராஜனும் தன் பங்குக்குக் கொடுத்துவிட்டு வந்தார் என்பார்கள். உரிமைத் தகராறுக்குக் கோர்ட் வாசல் ஏறும் செய்திகளையே படித்துப் பழகிய நமக்கு, இதுவே ஒரு தனிக் கதை.

சத்தத்துக்கு நாகராஜன் கண்டுபிடித்த பதில், மதுரை சகோதரர்கள் எம்.பி.என்.சேதுராமனும் எம்.பி.என்.பொன்னுசாமியும். திரையில் சிவாஜி கணேசனும் ஏ.வி.எம்.ராஜனும் இரட்டை நாதஸ்வரம். ஒலி மதுரையிலிருந்து வந்தது. சிவாஜி அவர்கள் வாசிப்பதைப் பார்த்துப் பார்த்து, விரல் எங்கே நகர்கிறது, கன்னம் எப்போது உப்புகிறது, மூச்சு எங்கே எடுக்கிறார்கள் என்று பழகினார். இன்று மொபைலில் அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கழுத்து நரம்புகூட வாசிக்கும்.

பத்மினிக்கு அந்தக் கவலை இல்லை. வழுவூர் ராமையா பிள்ளையிடம் கற்றவர், நிஜமான நாட்டியக்காரி. படத்தின் சுவாரஸ்யமே இதுதான் என்று எனக்குத் தோன்றும்: போட்டியில் ஒருவர் உண்மையிலேயே கலைஞர், இன்னொருவர் அந்தக் கலையை நடிப்பவர். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சளைக்கவில்லை. டி.எஸ்.பாலையாவின் தவில் அவர்களை நடுவில் நின்று உசுப்பிவிடுகிறது. நாகேஷின் வைத்தி, மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணி பற்றித் தனியாக எழுதினால் இந்தக் கட்டுரை போதாது.

1968 ஜூலை 27-இல் படம் வெளியானது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. தொடராக நீண்டு, புத்தகமாக இரண்டு தடித்த பாகங்களான கதை மூன்று மணி நேரத்துக்குள் அடங்க வேண்டியிருந்தது. கிளைக்கதைகள் போயின, ஊர்கள் போயின. ஆனால் ரயில் காட்சியைப் பாருங்கள். ஒரே பெட்டியில் இரண்டு கோஷ்டி, காவலுக்கு அம்மா வடிவாம்பாள், நடுவில் இரண்டு ஜோடிக் கண்கள். பேச்சே தேவையில்லாத அந்த நிமிடங்கள் கோபுலு ஓவியத்துக்கு மிக நெருக்கமானவை. பக்கம் பக்கமாக இருந்ததைப் பார்வையாக மாற்றியதுதான் நாகராஜனின் கெட்டிக்காரத்தனம்.

அம்மா விற்க நினைத்த பெண்

நாதஸ்வரத்தையும் நகைச்சுவையையும் ரசிக்கிற வேகத்தில், கதையின் அடியில் ஓடும் விஷயத்தை நாம் தாண்டிப் போய்விடுகிறோம். வடிவாம்பாள் தன் பெண்ணுக்குக் கல்யாணம் தேடவில்லை. பணக்காரர் ஒருவரைத் தேடுகிறாள். வைத்தி செய்வது நகைச்சுவை மட்டும் இல்லை, அது தரகு. சிங்கபுரம் மைனர், மதன்பூர் மகாராஜா என்று வரிசையில் வருகிறவர்கள் எல்லோரும் அவள் ஆட்டத்துக்கு விலை பேச வரவில்லை, அவளுக்கே விலை பேச வருகிறார்கள்.

கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டி விடுவதைத் தடுக்கும் சட்டம் மெட்ராஸ் மாகாணத்தில் வந்தது 1947-இல். முத்துலட்சுமி ரெட்டி அதற்காகப் பல வருடங்கள் போராட வேண்டியிருந்தது. சட்டம் வந்து 10 வருடம்கூடச் சரியாக ஆகாத நேரத்தில், ஒரு குடும்பப் பத்திரிகை அந்தப் பரம்பரையில் பிறந்த பெண்ணைக் கதாநாயகியாக்கி, தாத்தா பாட்டி முதல் பேத்தி வரை அவளுக்காகக் கவலைப்பட வைத்தது. தன் கலை தனக்கு வேண்டும், தன் துணையைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அவள் சொன்னபோது, அதே சொல்லைத் தங்கள் வீட்டில் அனுமதிக்காதவர்களும் 'பாவம், அந்தப் பெண்' என்றார்கள். தொடர்கதை செய்த பெரிய வேலை அது.

கதாநாயகன் விஷயத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. சண்முகசுந்தரம் சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்கிறார். யாரோ ஏதோ சொன்னால் போதும், முகம் திரும்பிவிடும். அவளோ ஒவ்வொரு முறையும் தன்னை நிரூபிக்க வேண்டும். அவர் பொறாமைக்குப் பெயர் ரோஷம், அவள் பொறாமைக்கு (ஆஸ்பத்திரி நர்ஸ் காட்சியில் கொஞ்சம் வருகிறதே) பெயர் சின்னபுத்தி! 1968-இல் தியேட்டரில் கைதட்டியவர்களின் பேத்திகள் இன்று வீட்டில் இந்தப் படம் ஓடும்போது, 'இவரை ஏன் இந்த அம்மா விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்?' என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

மணிலாக் கதையில் டோரினா போட்டியில் ஜெயித்த பிறகு, புகழை விட்டுவிட்டுக் காதலோடு போகிறாள். ஒளியில்லாத விண்மீன் என்ற தலைப்பின் அர்த்தம் அதுதான். மோகனாவுக்குக் கல்யாணத்தோடு படம் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவள் ஆடினாளா என்று படம் சொல்லவில்லை.

பிலிப்பைன்ஸில் அந்தக் கதையை 2006-இல் டி.வி. தொடராக மறுபடி எடுத்தார்கள். நம் மோகனா வேறு வழியில் மறுபிறவி எடுத்தாள். 1989-இல் கங்கை அமரன் எடுத்த 'கரகாட்டக்காரன்' நினைவிருக்கிறதா? இரண்டு கலைஞர்கள், இரண்டு கோஷ்டிகள், ரோஷம், காதல். நாதஸ்வரம் இருந்த இடத்தில் கரகம். 'தில்லானா'வின் பாதிப்பு அதில் வெளிப்படையாகவே தெரியும்.

பெருமாள் கோயில் தெருவிலிருந்து ஒரு காதல்

இனி டங்கன் வருகிறார். புதுச்சேரியில் எழுதப்பட்ட ஒரு காதல் கதையும் சினிமாவாகியிருக்கிறது, 'தில்லானா'வுக்கு 18 வருடம் முன்பே. பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்'. அது தொடர்கதையோ படக்கதையோ இல்லை, கவிதையில் சொன்ன கதை. முத்து வணிகக் குடும்பங்களில் பிறந்த பொன்முடி, பூங்கோதை என்ற முறைப்பையன், முறைப்பெண். பெரியவர்களின் பகையில் பிரிக்கப்பட்டு, அவன் வடக்கே போக, அவள் தேடிப் போக, கடைசியில் இருவரும் இறந்துபோகும் கதை.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் இதை 1950-இல் 'பொன்முடி' என்ற பெயரில் எடுத்தது. நரசிம்ம பாரதியும் மாதுரி தேவியும் ஜோடி. இசை ஜி.ராமநாதன். இயக்கம் எல்லிஸ் ஆர்.டங்கன். வார இதழ்த் தொடர்கதையில் தொடங்கிய அந்த அமெரிக்கர், இந்தியாவை விட்டுக் கிளம்பும் வருடத்தில் ஒரு புதுச்சேரிக் கவிஞரின் காதலைப் படமாக்கினார். காதல் காட்சிகள் நெருக்கமாக இருப்பதாக அப்போதே பத்திரிகைகளில் கண்டனம் வந்தது. தலைப்பிலேயே முத்தத்தை வைத்து எழுதியவருக்கு இது ஒன்றும் அதிர்ச்சியாக இருந்திருக்காது!

பாரதிதாசனுக்கு இன்னொரு ஆசை இருந்தது. 'பாண்டியன் பரிசு' என்ற தன் காவியத்தைத் தானே படமாக்க வேண்டும். தொலைந்துபோன ஒரு பேழை, அதைக் கொண்டுவருபவனுக்கே மாலையிடுவேன் என்று காத்திருக்கும் அன்னம், சாதாரண வீட்டில் பிறந்த வேலன் என்று சினிமாவுக்கென்றே அமைந்த மாதிரி கதை. 70 வயதில், 1961-இல், புதுச்சேரியை விட்டுச் சென்னையில் போய்க் குடியேறினார். சொந்தமாகப் படக் கம்பெனி தொடங்கினார். சிவாஜி கணேசனை வைத்து எடுப்பதாகத்தான் பேச்சு. படம் நடக்கவில்லை. 1964 ஏப்ரல் 21-இல் சென்னையில் காலமானார். உடல் புதுச்சேரிக்கு வந்தது.

விளம்பரம், வாராவாரக் காத்திருப்பு, ஓவியர் போட்ட முகம், வாசித்துப் பழகிய ஆயிரக்கணக்கான குடும்பங்கள் என்று மோகனாவுக்குப் பின்னால் ஒரு படையே இருந்தது. அன்னத்துக்குப் பின்னால் ஒரு வயதான கவிஞர் மட்டும்தான். ஒரு கதை திரைக்குப் போவதும் போகாமலிருப்பதும் அதன் நல்லது கெட்டதில் மட்டும் இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

பெருமாள் கோயில் தெரு 95-ஆம் எண் வீடு இப்போது அவர் நினைவு அருங்காட்சியகம். ஒயிட் டவுனில் படம் பிடித்துக்கொள்ள வரும் கூட்டத்தில் பாதிகூட இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. கடற்கரையிலிருந்து நடக்கிற தூரம்தான். போகிறவர்கள் 'பாண்டியன் பரிசை'ப் படித்துவிட்டுப் போனால் நல்லது. அன்னம் எப்படி இருப்பாள் என்று இதுவரை எந்த நடிகையும் முடிவு செய்துவிடவில்லை.